ஏற்கெனவே விளங்காத கைக்கு எதற்கு இத்தனை டெஸ்ட்? வலிப்பு ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி

கொட்டான்கடை

வணக்கம். ஊர் கானாடுகாத்தான் பக்கம். அக்கா மகளுக்காக எழுதுகிறேன். வயது 11. பிறக்கும் சமயத்திலேயே மூளையின் இடது பக்கத்துக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, வலது கையும் காலும் சரியாக வரவில்லை. காலை லேசாக இழுத்து இழுத்து நடப்பாள், ஆனால் யார் துணையும் இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வருவாள். நான்கு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. எத்தனையோ மாத்திரை மாற்றியாகிவிட்டது, இப்போது மூன்று ஓடுகிறது. அப்படியும் வாரம் தவறாமல் வருகிறது.

மதுரையில் பார்க்கும் நரம்பியல் டாக்டர், இனி மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பெரிய பலன் இல்லை, ஹெமிஸ்ஃபெரோடமி பற்றி யோசிக்கலாம் என்றார். சேதமான பாதி மூளையின் தொடர்புகளை மற்ற பாதியிலிருந்து துண்டித்துவிடுவதாம். ஆனால் அதற்கு முன், வலது கையை மூளையின் எந்தப் பக்கம் அசைக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும், அந்த வசதி உள்ள பெரிய மையத்துக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா கேட்கிறாள்: கைதான் பிறந்ததிலிருந்தே வரவில்லையே, அதை எதற்குச் சோதிக்க வேண்டும்? மச்சான் கேட்கிறார்: இருப்பதும் போய்விடுமோ? எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாப்பா எங்களோடு உட்கார்ந்து கொட்டான் (ஓலைக் கூடை) முடைவாள். பின்னுவது இடது கை. வலது கை ஓலையை நழுவவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். விளங்காத கை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நரம்புலேப்

அண்ணே, நான் தேவகோட்டை. வெளியூரில் ஒரு மருத்துவமனையின் நரம்பு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, ஆனால் நீங்கள் சொல்லும் டெஸ்டுகள்தான் என் அன்றாட வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் அக்கா கேள்விக்கு முதலில் வருகிறேன். பாப்பாவின் கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை யார் வேலை செய்ய வைக்கிறார்கள் என்பது பார்த்தால் தெரியாது. டெஸ்ட் அதற்குத்தான்.

சாதாரணமாக வலது கையை இடது மூளை இயக்குகிறது. மூளையின் மேற்புறணியிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி, கழுத்துக்குச் சற்று மேலே முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். ஆனால் கருவில் இருக்கும்போது இரண்டு பாதியும் இரண்டு கைக்கும் இழைகளை அனுப்புகின்றன. தன் பக்கத்துக் கைக்குப் போகும் இழைகள் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அந்தக் காலத்துக்குள் ஒரு பாதி சேதமானால், நல்ல பாதி தன் பக்கத்து இழைகளை விடாமல் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே பாதி இரண்டு கையையும் பார்த்துக்கொள்கிறது. வீட்டு மெயின் போய்விட்டதால் பக்கத்து வீட்டிலிருந்து லைன் இழுத்து எரியும் விளக்கு மாதிரி. அப்படி இருந்தால் பழைய மெயினைத் துண்டித்தாலும் விளக்கு அணையாது.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடப்பதில்லை. சிலருக்குச் சேதமான பாதியில் தப்பிப் பிழைத்த ஒரு சின்னப் பகுதியே அந்தக் கையை இன்னும் இயக்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு இரண்டும் கலந்து இருக்கும். சேதமான பாதிதான் இயக்குகிறது என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு ஓலையை அமுக்கிப் பிடிக்கும் அந்தப் பிடி குறையும், போகவும் போகலாம்.

ஆக, மச்சான் பயமும் நியாயமானதுதான். பதில் பாப்பாவின் தலைக்குள் இருக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி

தம்பி, சின்னப் பிள்ளையின் மூளையில் பாதியைத் துண்டிப்பதா? கேட்கவே பதறுகிறது. குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு காவடி எடுங்கள். எங்கள் வளவில் ஒரு பையனுக்கு இழுப்பு வந்து, வயசுக்கு வந்த பிறகு தானாக நின்றுவிட்டது. புதுசு புதுசாக ஏதாவது செய்து பிள்ளையைப் பரிசோதனைக்கூடமாக ஆக்கிவிடாதீர்கள்.

நரம்புலேப்

ஆச்சி, வேண்டுதல் தாராளமாக இருக்கட்டும். ஆனால் இது புதுசு இல்லை. வலிப்புக்காக ஒரு பக்க மூளையை முதலில் எடுத்தது 1938-இல், டொராண்டோவில் மெக்கென்ஸி என்ற அறுவை மருத்துவர். 1950-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கிரைனாவ் என்ற அறுவை மருத்துவர், பிறவியிலேயே ஒரு பக்கம் வராமல் வலிப்பும் சேர்ந்த 12 பேருக்குச் செய்து வெளியிட்டார். கிட்டத்தட்ட நம் பாப்பா மாதிரிப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் முழுசாக எடுத்துவிடுவார்கள், பல வருஷம் கழித்துச் சிக்கல் வந்தது. இப்போது பெரும்பகுதியை இருந்த இடத்திலேயே ரத்த ஓட்டத்தோடு விட்டுவிட்டு, இழைத் தொடர்புகளை மட்டும் வெட்டுகிறார்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-இலிருந்து வலிப்பு அறுவைச் சிகிச்சை நடக்கிறது.

சில வகை வலிப்பு வயது ஏறினால் நிற்கும் என்பது உண்மை. பிறக்கும்போதே பாதி மூளை வடுவாகி, மூன்று மருந்துக்கும் மசியாமல் வாரம் தவறாமல் வருவது அந்த வகை இல்லை. அது படிப்பையும் ஞாபகத்தையும் தின்றுகொண்டே இருக்கும், நல்ல பாதியையும் நிம்மதியாக வளரவிடாது.

ஆத்தங்குடி_அப்பா

நான் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறவன். என் மகனுக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆனால் கதை வேறு, அதனால் அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள்.

அவன் ஆறு வயது வரை எல்லாப் பிள்ளை மாதிரியும் ஓடினான். அப்புறம் இடது கை நாள் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில்கூட நிற்காது. ராஸ்முஸன் மூளை அழற்சி என்றார்கள். ஒரு பாதி மட்டும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டு போகும் நோய். கையும் வரவரத் தளர்ந்தது.

முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) பெரிய வலிப்பு வந்த மறுநாள் காலை, படுக்கையில் வைத்தே கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கவில்லை. 'இடது கை செயல்பாடு இல்லை, ஆபரேஷனால் இழப்பு இருக்காது' என்று எழுதிவிட்டார்கள். அதே கையால் அதற்கு முந்தின வாரம் என்னிடம் டைல்ஸ் கண்ணாடியை வாங்கிப் பிடித்தவன் அவன்! வலிப்பு வந்த பிறகு சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, அந்தப் பக்கம் தற்காலிகமாகத் தொய்ந்துபோகும், டாட் வாதம் என்று பெயர் என்பதை இரண்டாவது இடத்தில்தான் சொன்னார்கள். அங்கே வலிப்பு இல்லாத நாளாகப் பார்த்துத் திரும்பச் சோதித்தார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொத்தானை எடுக்கிறான், ஆனால் நல்ல பாதியிலிருந்து அந்தக் கைக்கு ஒரு பதிலும் வரவில்லை, ஆகவே ஆபரேஷன் செய்தால் விரல் வேலை போய்விடும் என்று நேராகச் சொன்னார்கள்.

போய்விட்டது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். விடாமல் துடிக்கிற கையை விரல் வேலைக்கும் பயன்படுத்த முடியாது, நோய் எப்படியும் அதை எடுத்துக்கொள்ளும். இப்போது நடக்கிறான். தோள், முழங்கை அசையும். விரல் பிரித்து எதையும் எடுக்க முடியாது. வலிப்பு இல்லை. முதல் ஆஸ்பத்திரி எழுதியதை நம்பிப் போயிருந்தால், ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் கெடுத்துவிட்டார் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிசியோ_புதுவயல்

மேலே அண்ணன் சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆபரேஷனுக்கு முன் நடந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வாரமோ மாதமோ பயிற்சிக்குப் பிறகு திரும்ப நடக்கிறார்கள். தோள், இடுப்பு போன்ற உடலை ஒட்டிய தசைகளுக்கு இரண்டு பாதியிலிருந்தும் இணைப்பு உண்டு. நுனிக்குப் போகப் போக, அதாவது மணிக்கட்டு, விரல், அதிலும் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அசைப்பது, எதிர்ப்பாதியை மட்டுமே நம்பி இருக்கும். அதனால்தான் பேச்சு முழுக்க விரல் நுனியைச் சுற்றியே ஓடுகிறது.

கொட்டான்கடை அண்ணே, வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பாப்பாவின் இடது கை விரல்களை வேகமாகக் கட்டைவிரலோடு தட்டச் சொல்லுங்கள். வலது கையை மடியில் சும்மா வைத்திருக்கட்டும். வலது விரல்களும் தானாக அதே தாளத்தில் அசைகின்றனவா? கண்ணாடி அசைவு என்போம். ஒரே பாதி இரண்டு கையையும் ஓட்டுகிறது என்பதற்கு அது ஒரு அறிகுறி. முடிவான சாட்சி இல்லை, ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டிய சங்கதி. மொபைலில் படம் பிடித்து வையுங்கள்.

கொட்டான்கடை

இப்போதுதான் செய்து பார்த்தோம். அசைகிறது! வேகமாகத் தட்டத் தட்ட வலது விரல்களும் கூடவே மடங்கி மடங்கி விரிகின்றன. இத்தனை வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அக்கா சந்தோஷத்தில், அப்படியானால் டெஸ்டே வேண்டாமே என்கிறாள்.

நரம்புலேப்

நல்ல செய்தி, ஆனால் டெஸ்ட் வேண்டும். கண்ணாடி அசைவு இருந்தும் சேதமான பாதியும் பங்கு வகிக்கும் கலப்பு ரகம் உண்டு. நல்ல பாதி அந்தக் கையைத் தொடுகிறது என்றுதான் இது காட்டும். மற்றப் பாதி கைவிட்டுவிட்டது என்று காட்டாது.

காரைக்குடி_ஸ்கேன்

நான் ஸ்கேன் சென்டரில் இருக்கிறவன். இதற்கெல்லாம் எஃப்.எம்.ஆர்.ஐ. ஒன்று போதுமே? மெஷினுக்குள் படுத்து கையை அரை நிமிடம் மூடித் திற, அரை நிமிடம் சும்மா இரு என்று மாற்றி மாற்றிச் செய்தால், எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதோ அது வெளிச்சமாகத் தெரியும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கை நன்றாக வராதவர்களுக்கு நாமே அவர்கள் விரலை மடக்கி விரித்துக் கொடுத்தாலும் படம் கிடைக்கிறது.

நரம்புலேப்

அண்ணே, கடைசி வரியில்தான் வம்பே இருக்கிறது.

விரலை நாம் மடக்கிவிடும்போது மூளைக்குப் போவது உணர்வுத் தகவல். அதற்கு வெளிச்சமாவது பெரும்பாலும் உணர்வுப் பகுதி. பிறவிச் சேதத்தில் ஒரு விசித்திரம் உண்டு: இயக்கம் நல்ல பாதிக்கு மாறிவிட்டாலும், உணர்வு பல பிள்ளைகளுக்குப் பழைய பாதியிலேயே தங்கிவிடும். உணர்வு இழைகள் வடுவைச் சுற்றி வளைந்து தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இயக்கம் ஒரு பக்கம், உணர்வு மறுபக்கம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு விரலை மடக்கிவிட்டு எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தால் சேதமான பாதி பளிச்சென்று எரியும். பார்க்கிறவர், ஐயோ, கையை இந்தப் பாதிதான் இயக்குகிறது, தொடக்கூடாது என்று ஆபரேஷனையே தள்ளிவிடலாம். நிஜத்தில் விரல் அசைவு நல்ல பாதியில் பத்திரமாக இருக்கும்.

பிள்ளை தானாகவே மூடித் திறந்தாலும் வேறு தொல்லைகள். வராத கையை மூடத் திணறும்போது தலை ஆடும், படம் கெடும். கண்ணாடி அசைவால் நல்ல கையும் கூடவே அசைந்தால், எரிவது எந்தக் கைக்காக என்று பிரிக்க முடியாது. அதனால் மெஷின் பக்கத்தில் ஒருவர் நின்று இரண்டு கையையும் பார்த்து எழுத வேண்டும், முடிந்தால் இரண்டு முன்கையிலும் தசையின் மின் அலையைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக அதை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்.

காரைக்குடி_ஸ்கேன்

உணர்வு ஒரு பக்கம், இயக்கம் ஒரு பக்கம் என்பது எனக்குப் புதுசு. சரி, சாதாரண எம்.ஆர்.ஐ.யில் ஒன்று பார்ப்போம். நடுமூளையில் இரண்டு தண்டுகள் தெரியும், இயக்க இழைகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. சேதமான பக்கத்துத் தண்டு மற்றதைவிட ரொம்பச் சுருங்கியிருந்தால், அந்தப் பக்கத்து இழைகள் ஏற்கெனவே அழிந்துவிட்டன என்று அர்த்தம். ஆபரேஷனால் கை பெரிதாகக் கெடாது என்ற நம்பிக்கை கூடும். இழைப் பாதையை வண்ணத்தில் வரையும் டி.டி.ஐ.யும் இருக்கிறது. பழைய ஸ்கேன் சி.டி. இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

கொட்டான்கடை

நரம்புலேப் தம்பி, அப்படியானால் எந்த டெஸ்டை நம்புவது?

நரம்புலேப்

என் தொழில் என்பதால் சார்பு இருக்கும், தெரிந்தே படியுங்கள். என் ஓட்டு டி.எம்.எஸ்.ஸுக்கு, அதாவது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிப் பார்க்கும் டெஸ்டுக்கு.

1985-இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் செய்து காட்டியது. எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் பிடித்து ஒரு கணம் காந்தத் துடிப்பு கொடுப்போம். 'டக்' என்று சத்தம் வரும், காதுக்கு அடைப்பான் உண்டு. மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போய் அந்த இடத்து நரம்பணுக்களைத் தூண்டும். கட்டைவிரல் தசையில் ஒட்டிய மின்முனையில், கிட்டத்தட்ட 20 மில்லிவினாடி கழித்து அலை வரும். இதற்கு மூளை 'செய்ய வேண்டும்' என்பதில்லை, பிள்ளை முயற்சி செய்ய வேண்டியதும் இல்லை. விளங்காத கைக்கு இதைவிடத் தோதான டெஸ்ட் வேறு இல்லை.

பாப்பாவுக்கு இரண்டு கையிலும் மின்முனை ஒட்டுவார்கள். நல்ல வலது பாதியைத் தூண்டும்போது இரண்டு கையிலும் அலை வந்து, சேதமான இடது பாதியில் எங்கே தூண்டினாலும் எதுவும் வரவில்லை என்றால் ஆபரேஷன் கையைத் தொடாது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இடது பாதியிலிருந்து வலது கைக்கு அலை வந்தால் பேச்சு வேறு.

இதிலும் ஓட்டை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தூண்டல் வாசல், அதாவது அலை வரக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் துடிப்பு, உயரம். கார்பமசெபின், ஃபெனிடாயின் மாதிரி மருந்துகள் அதை இன்னும் உயர்த்தும். அதனால் அலை வரவில்லை என்பதை உடனே இழையே இல்லை என்று எழுதிவிடக்கூடாது. துடிப்பை முழு பலத்தில் கொடுத்தும் பார்த்தார்களா, கையை லேசாக இறுக்கச் சொல்லிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். தூண்டலால் வலிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆகவே டாக்டர் பக்கத்தில் இருப்பார். காதுக்குள் கருவி, தலைக்குள் உலோகம் இருந்தால் செய்யமாட்டார்கள்.

இரண்டு டெஸ்டும் முரண்பட்டால் வாடா டெஸ்ட் என்று பழையது ஒன்று இருக்கிறது. ஜூன் வாடா 1949-இல் எழுதியது. தொடை வழியாகக் குழாய் விட்டு, கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி ஒரு பாதி மூளையைச் சில நிமிடம் தூங்க வைப்பது. சேதமான பாதி தூங்கும்போதும் வலது கை ஓலையை விடாமல் பிடித்திருந்தால் அதைவிடப் பெரிய பதில் இல்லை. ஆனால் ரத்தக்குழாய்க்குள் போகும் வேலை, பிள்ளை ஒத்துழைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் யாரும் இதற்குப் போவதில்லை.

பிசியோ_புதுவயல்

என் பங்குக்கு மூன்று விஷயம்.

கை இறுக்கத்துக்குப் போட்டுலினம் ஊசி சமீபத்தில் போட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதன் வேலை மூன்று நான்கு மாதம் இருக்கும். தசை அலையும் குறையும், கை பலமும் குறைவாகத் தெரியும்.

பேச்சு. சேதம் இடது பாதி என்பதால் கையை மட்டும் பார்த்தால் போதாது. பிறக்கும்போதே சேதம் என்றால் மொழி பெரும்பாலும் வலது பாதிக்கு மாறியிருக்கும், ஆனால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போனால் பாப்பாவுக்குத் தெரிந்த தமிழில் சோதிக்கச் சொல்லுங்கள். புரியாத பாஷையில் கேட்டுவிட்டுப் பேச்சுத் திறன் குறைவு என்று எழுதினால் அந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை.

பார்வை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கண்ணுக்கும் வலது பக்கக் காட்சி தெரியாது. பாப்பாவுக்கு ஏற்கெனவே அப்படி இருக்கலாம், கண் டாக்டரிடம் பார்வைப் புலம் பார்த்துவிடுங்கள். வலது தோள் நிலைக்கதவில் இடித்துக்கொள்கிறாளா, தட்டில் வலது பக்கச் சோற்றை மிச்சம் வைக்கிறாளா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. டெஸ்ட் ரூமில் கொடுப்பது ரப்பர் பந்தும் மரக்குச்சியும். அதில் பாப்பாவின் கைக்கு மார்க் குறைவாக விழும். கொட்டான் முடையும்போது வலது கை என்ன செய்கிறது என்று வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஓலையை விரல்களுக்கு நடுவே பிடிக்கிறாளா, உள்ளங்கையால் அழுத்துகிறாளா, மணிக்கட்டால் அமுக்குகிறாளா? விரல் நடுவே என்றால் இழக்க நிறைய இருக்கிறது. மணிக்கட்டு என்றால் ஆபரேஷனுக்கு அப்புறமும் அநேகமாகச் செய்வாள்.

பள்ளத்தூர்_ஆச்சி

இவ்வளவு விவரம் இருக்கிறதா! சரி தம்பி, போய்ப் பாருங்கள். ஆனால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதினொரு வயது விவரம் தெரிந்த வயதுதான்.

ஆத்தங்குடி_அப்பா

ஆச்சி சொல்வது சரி. என் மகனிடம் கேட்டோம். விரலா, துடிப்பு நிற்பதா என்று நாங்கள் இழுத்தபோது அவன் சட்டென்று பதில் சொல்லிவிட்டான்.

காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை இரண்டின் நகலும் வையுங்கள். டெஸ்டுகளில் எது அட்டையில் சேரும், எது கையிலிருந்து என்று அங்கே உள்ள மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் போவதென்றால், காரைக்குடியிலிருந்து மதுரை போய் ரயில் பிடிப்பதுதான் பிள்ளைக்குச் சிரமமில்லாதது. ரயிலில் தூக்கம் கெட்டால் மறுநாள் வலிப்பு வரும், அப்புறம் டாட் வாதம், அப்புறம் டெஸ்ட் வீண். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கி, தூங்க வைத்துவிட்டுக் கூட்டிப் போங்கள்.

கொட்டான்கடை

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவேதான் ஓலையைப் பிடிக்கிறாள், உள்ளங்கை இல்லை. அக்கா இப்போது டெஸ்ட் வேண்டாம் என்று சொல்வதில்லை. பாப்பாவிடம் கேட்டதற்கு, முதலில் டக் டக் டெஸ்ட் செய்து யார் என் கையை ஆட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் யோசிக்கிறேன் என்கிறாள்.

கடைசியாக ஒன்று. டெஸ்ட் அன்று காலை மாத்திரை கொடுக்கலாமா? வாசலை உயர்த்தும் என்றீர்களே, நிறுத்திவிட்டுப் போகலாமா?

நரம்புலேப்

நிறுத்தவே கூடாது அண்ணே. திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. வீடியோ இ.இ.ஜி.க்காக (வலிப்பைப் படமெடுத்தபடியே மூளையின் மின் அலையைப் பதிவு செய்வது) வார்டில் சேர்த்துக்கொண்ட பிறகு மாத்திரையைக் குறைப்பார்கள், அது அவர்கள் கண்காணிப்பில். வீட்டிலிருந்து கிளம்பும் அன்று வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டாள் என்று ஒரு சீட்டில் எழுதி டெக்னீஷியனிடம் கொடுங்கள், அலை வராவிட்டால் அது மருந்தாலா என்று பார்க்க உதவும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள், இ.இ.ஜி. மின்முனை ஒட்டாது.